அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு சாதாரணச் சிப்பாயின் வாழ்க்கையை ஆவணங்களைக் கொண்டு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1861 முதல் 1865 வரை வடக்கின் கூட்டரசுக்கும் அதிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் இடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய, வரலாற்று நூல்களில் பெயர் வராத ஒரு சிப்பாயைப் பற்றிக் கட்டுரையோ நாவலோ குடும்ப வரலாறோ எழுத விரும்புவோருக்கான செய்முறை இது. தளபதிகளைப் பற்றி எழுதுவோருக்கு நல்ல நூலகம் ஒன்று போதும். சிப்பாயைப் பற்றி எழுதுவோர் பழைய அலுவலகக் காகிதங்களுக்குள் இறங்கியே ஆக வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பெயரும், அவர் சேர்ந்திருந்த ரெஜிமெண்ட் என்னும் படைப்பிரிவும் கிடைத்தவுடன், அந்த ரெஜிமெண்ட் எந்தெந்தப் போர்க்களங்களில் இருந்தது என்று தேடி, அத்தனை களங்களிலும் தங்கள் சிப்பாயைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். ரெஜிமெண்ட் களத்தில் நின்ற நாளில் அவர் மருத்துவமனையில் கிடந்திருக்கலாம், விடுப்பில் இருந்திருக்கலாம், வண்டி ஓட்டும் பணிக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். ஆகவே இந்த வழிகாட்டியில் போர்க்களம் எட்டாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

எடுத்துக்காட்டாகப் பல இடங்களில் அமோஸ் ஹியூமிஸ்டன் என்பவரைக் குறிப்பிடுவேன். நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற சிற்றூரில் குதிரைச் சேணம் செய்து பிழைத்தவர். 1862 கோடையில் 154ஆவது நியூயார்க் ரெஜிமெண்டில் சேர்ந்தார். 1863 ஜூலை 1 அன்று கெட்டிஸ்பர்க்கில் இறந்தபோது அவர் சார்ஜெண்ட்.

1. தொடங்கும் முன் திரட்ட வேண்டியவை

ஐந்து தகவல்கள் வேண்டும்: பெயர், அந்தப் பெயரை எழுதக்கூடிய வெவ்வேறு வடிவங்கள், போருக்கு முன் வாழ்ந்த மாநிலமும் மாவட்டமும், ஏறத்தாழ எந்த ஆண்டில் பிறந்தார் என்பது, மனைவியின் பெயர். கடைசித் தகவலை முக்கியமற்றது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே பெயரில் நான்கு சிப்பாய்கள் வந்து நிற்கும்போது, பல நேரங்களில் அவர்களைப் பிரித்துக் காட்டுவது மனைவியின் பெயர்தான்.

பெயர் வடிவங்களை முன்கூட்டியே எழுதிக்கொள்ள ஒரு காரணம் உண்டு. வடக்குப் படையினரில் சுமார் கால்வாசிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஜெர்மானியரும் அயர்லாந்துக்காரரும் அவர்களில் அதிகம். எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். ஷ்மிட் என்ற ஜெர்மானியர் ஸ்மித் ஆகிப் பட்டியலில் இருப்பது வியப்பல்ல. எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்க்கு அதைத் திருத்தும் வாய்ப்பும் இல்லை.

அடுத்து, ஓர் அட்டவணையைத் திறந்து நான்கு பத்திகள் வையுங்கள்: நாள், இடம், ஆவணம் சொல்வது, நான் ஊகிப்பது. கடைசி இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். சில மாதங்களுக்குப் பிறகு, எது ஆவணத்தில் இருந்தது, எதை நாமே சேர்த்தோம் என்பது நமக்கே மறந்துவிடும்.

தமிழ் வாசகருக்கு இன்னோர் எச்சரிக்கை. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். ஆவணத்தில் 5/2/63 என்று இருந்தால் அது மே 2, சான்சலர்ஸ்வில் போர் நடந்த நாட்களில் ஒன்று. பிப்ரவரி 5 அல்ல. அட்டவணையில் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதும் பழக்கத்தை முதல் நாளே கொண்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

2. ரெஜிமெண்டைக் கண்டுபிடித்தல்

அமெரிக்க அரசு அன்றைய படை ஆவணங்களைச் சிப்பாயின் பெயரை மட்டும் கொண்டு அடுக்கவில்லை. மாநிலம், ரெஜிமெண்ட், அதன் பிறகு பெயர் என்றுதான் அடுக்கியது. ஆகவே ரெஜிமெண்ட் தெரியாமல் கேட்கும் கோரிக்கை வீணாகும்.

தேசியப் பூங்காத் துறை இணையத்தில் வைத்திருக்கும் சிப்பாய்கள் மற்றும் மாலுமிகள் தரவுத்தளத்தில் சுமார் 63 லட்சம் பெயர்ப் பதிவுகள் உள்ளன. இது சிப்பாய்களின் எண்ணிக்கை அல்ல. ஒருவர் இரண்டு ரெஜிமெண்டுகளில் இருந்தாலோ, அவர் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தாலோ, அத்தனை முறையும் தனித்தனியாக வருவார். முதலில் வந்த பெயரை எடுத்துக்கொண்டு மேலே போவதுதான் இந்தப் படியில் நடக்கும் பெரும்பிழை.

சரியானவரைப் பிரித்தெடுக்க ஊர் உதவும். காலாட்படை ரெஜிமெண்டில் பொதுவாகப் பத்துக் கம்பெனிகள். ஏ முதல் கே வரை பெயர், ஜே என்ற எழுத்து மட்டும் கிடையாது. ஒரு கம்பெனிக்கு ஏறத்தாழ நூறு பேர். பெரும்பாலான கம்பெனிகள் ஒரே ஊரிலோ பக்கத்துப் பக்கத்து ஊர்களிலோ திரட்டப்பட்டவை. அண்ணன் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ஆகவே 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் சிப்பாயின் வீட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் குடும்பங்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, ஐயத்துக்குரிய கம்பெனியின் பட்டியலில் அவை வருகின்றனவா என்று பாருங்கள். நான்கைந்து அண்டை வீட்டார் வந்தால் பெரும்பாலும் சரியான கம்பெனிதான்.

பல வட மாநிலங்கள் தங்கள் ரெஜிமெண்டுகளின் பெயர்ப் பட்டியலை அச்சிட்டிருக்கின்றன. நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் சிப்பாய்க்கு ஒரு தாள் வீதம் சுருக்கப் பதிவுகளும் இருக்கின்றன.

3. சேவைப் பதிவைப் பெறுதலும் படித்தலும்

வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு தன்னார்வச் சிப்பாய்க்கும் ஓர் உறை இருக்கிறது. தொகுக்கப்பட்ட படைச் சேவைப் பதிவு என்பது அதன் அலுவல் பெயர். படிவம் 86 வழியாகவோ இணையத்தின் வழியாகவோ இதைக் கேட்டுப் பெறலாம். தெற்குப் படையினரின் பதிவுகளும் கறுப்பினப் படையினரின் பதிவுகளும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. வட மாநிலங்கள் பலவற்றின் பதிவுகள் பெரும்பாலும் இன்னும் காகிதத்தில்தான் உள்ளன. இணையத்தில் இல்லை என்றால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

உறைக்குள் இருக்கும் அட்டைகள் போர்க்காலத்தில் எழுதப்பட்டவை அல்ல. போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு, ஓய்வூதியம் கேட்டு வந்தவர்களின் சேவையை விரைவாகச் சரிபார்ப்பதற்காக, போர்த் துறை எழுத்தர்கள் பழைய வருகைப் பட்டியல்களிலிருந்து ஒவ்வொருவரின் பெயரையும் பொறுக்கித் தனி அட்டையில் படியெடுத்தார்கள். ஆகவே அட்டையில் இருக்கும் பிழை மூலப் பட்டியலின் பிழையாகவும் இருக்கலாம், படியெடுத்தவரின் பிழையாகவும் இருக்கலாம்.

இனி, இந்த வழிகாட்டியிலேயே மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். வருகைப் பட்டியல் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, சம்பளக் கணக்குக்காக எடுக்கப்பட்டது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் ஆகிய மாதங்களின் கடைசி நாள் அதற்குரிய நாள். அட்டையின் தலைப்பில் “மே, ஜூன் 1863” என்று இருக்கும். கீழே “இருக்கிறார்” என்று ஒரே சொல் இருக்கும். அந்தச் சொல் ஜூன் 30 அன்று, அல்லது பட்டியல் உண்மையில் எடுக்கப்பட்ட நாளில், அவர் வரிசையில் நின்றார் என்பதை மட்டுமே சொல்கிறது. மே 2 அன்று சான்சலர்ஸ்வில்லில் அவர் இருந்தாரா என்பதை அது சொல்வதே இல்லை. மே முழுவதும் காய்ச்சலில் கிடந்து ஜூன் மூன்றாம் வாரத்தில் திரும்பியவருக்கும் அதே சொல்தான்.

கெட்டிஸ்பர்க் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. அந்தப் போர் 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்தது. வருகை நாள் அதற்கு முந்தைய நாள். அந்த ஜூன் 30 பட்டியலில் “இருக்கிறார்” என்று குறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் மூன்று நாட்களுக்குள் இறந்தோ காயம்பட்டோ சிறைபிடிக்கப்பட்டோ போனார்கள். அடுத்த பட்டியல் ஆகஸ்ட் 31. இடையில் நடந்ததை அறிய அட்டையின் அடியில் உள்ள குறிப்புப் பகுதியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்தக் குறிப்புப் பகுதியை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். தண்ணீர்க் குப்பியைத் தொலைத்ததற்குச் சம்பளத்தில் பிடித்தம், எந்த மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார், யாருடைய சமையல்காரராக மாற்றப்பட்டார் என்பவையெல்லாம் அங்கேதான் வரும். “புத்தகக் குறி” என்ற தலைப்பின் பக்கத்தில் ஓர் எண் இருந்தால் தனியாக எழுதிவையுங்கள். போருக்குப் பின் அவரைப் பற்றிப் போர்த் துறையில் நடந்த கடிதப் போக்குவரத்துக்கு அது வழிகாட்டும்.

4. உடல் அடையாளம், வயது, சேவைக் காலம்

சேர்ந்தபோது எழுதிய விவரப் புத்தகத்திலிருந்து உயரம், கண் நிறம், முடி நிறம், பிறந்த ஊர், தொழில் ஆகியவை ஓர் அட்டையில் இருக்கும். புகைப்படம் கிடைக்காத சிப்பாய்க்கு நம்மிடம் உள்ள ஒரே உருவம் பெரும்பாலும் இதுதான்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். 18 வயது என்று எழுதப்பட்டவர்களில் பலர் அதற்கும் இளையவர்கள். 44 என்று சொன்னவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளுடன் ஒப்பிட்ட பிறகே வயதை எழுதுங்கள்.

சேவைக் காலம் எத்தனை என்பதைப் பார்ப்பதும் அவசியம். 1861 ஏப்ரலில் லிங்கன் கேட்ட 75,000 பேர் மூன்று மாதத்துக்கு மட்டும் வந்தவர்கள். பின்னர் மூன்று ஆண்டுக்காரர்கள் வந்தார்கள். ஒன்பது மாதத்துக்காரர்களும், 1864இல் நூறு நாள்காரர்களும் இருந்தார்கள். மூன்று மாதம் முடித்துத் திரும்பியவர் வேறொரு ரெஜிமெண்டில் மறுபடி சேர்ந்திருந்தால் அவருக்கு இரண்டு உறைகள் இருக்கும். 1863 மார்ச்சில் வந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் 300 டாலர் கட்டியோ, மாற்று ஆளை அனுப்பியோ விலகிக்கொள்ள இடம் கொடுத்தது. ஆகவே 1863க்குப் பிறகு சேர்ந்தவர் என்றால், அவர் தாமாக வந்தாரா, ஆள்சேர்ப்பில் அகப்பட்டாரா, பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக வந்தாரா என்பதைப் பாருங்கள். மூன்றும் மூன்று வாழ்க்கைகள்.

5. நோய், சிறை, தப்பியோடியவர் என்ற குறிப்பு

வடக்குப் படையில் இறந்த சுமார் 3,60,000 பேரில் சண்டையிலோ அதில் பட்ட காயத்தாலோ இறந்தவர்கள் ஏறத்தாழ 1,10,000 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனவை வயிற்றுப்போக்கு, டைபாய்டு, நிமோனியா, அம்மை போன்ற நோய்கள். உங்கள் சிப்பாயின் கதையில் மருத்துவமனை இல்லை என்றால், இன்னும் தேடவில்லை என்றே கொள்ளுங்கள்.

மருத்துவ அட்டைகள் சேவை உறைக்குள் இருப்பதில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் தனித் தொகுப்பாக வைக்கப்பட்டுள்ளன. தனியாகக் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

“தப்பியோடியவர்” என்ற குறிப்பைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அணிவகுப்பில் சோர்ந்து பின்தங்கி வேறொரு மருத்துவமனைக்குப் போனவரை, அவருடைய கம்பெனி அலுவலர் செய்தி கிடைக்காமல் அப்படிக் குறித்துவிட்டதுண்டு. பின்னாளில் அந்தக் குற்றச்சாட்டை நீக்கக் கோரி விண்ணப்பித்து வென்றவர்களும் இருக்கிறார்கள். அதற்கான காகிதம் உறைக்குள் இருக்கும். இறந்துபோன ஒருவரைப் பற்றி எழுதுகிறோம். அவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்பதாலேயே கூடுதல் கவனம் வேண்டும்.

சிறைப்பட்டவர் என்றால் எந்தச் சிறை, எந்த நாட்கள் என்பதைப் பிடியுங்கள். ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் முகாம் 1864 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. 1863இல் பிடிபட்டவரை நேராக அங்கே அனுப்பிவிடும் கட்டுரைகள் உண்டு. சுமார் 45,000 பேர் அடைக்கப்பட்டு ஏறத்தாழ 13,000 பேர் இறந்த இடம் அது. அதன் பெயரைச் சான்றில்லாமல் எழுதக் கூடாது.

6. ஓய்வூதியக் கோப்பு

நேரமும் பணமும் குறைவாக இருந்து ஒன்றே ஒன்றைத்தான் பெற முடியும் என்றால் இதைப் பெறுங்கள். சேவைப் பதிவு சிப்பாயை அரசு பார்த்த விதத்தில் காட்டும். ஓய்வூதியக் கோப்பில் அவரும் அவர் மனைவியும் அண்டை வீட்டாரும் பேசுவார்கள். ஆனால் சேவைப் பதிவைப் பார்த்த பிறகே இதைத் திறக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்து, பணம் கேட்கும் விண்ணப்பத்தில், நினைவிலிருந்து சொல்லப்பட்டவை இவை. அன்றைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அடித்தளம் முதலில் உங்களிடம் இருக்க வேண்டும்.

முதலில் காப்பகத்தின் ஓய்வூதிய அட்டவணையில் அவருடைய அட்டையைத் தேடுங்கள். சிப்பாயின் பெயர் வரிசையில் ஒன்றும், ரெஜிமெண்ட் வரிசையில் ஒன்றுமாக இரண்டு அட்டவணைகள் உள்ளன. பெயர் சிதைந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால் இரண்டாவதில் கம்பெனி முழுவதையும் பார்த்துவிடலாம். அட்டையில் விண்ணப்ப எண், சான்றிதழ் எண், விதவையின் பெயர், எந்த மாநிலத்திலிருந்து விண்ணப்பித்தார் என்பவை இருக்கும். கோப்பைக் கேட்கப் படிவம் 85. கோப்பு முழுவதையும் கேளுங்கள். தேர்ந்தெடுத்த சில தாள்களை மட்டும் குறைந்த கட்டணத்தில் வாங்கினால், வாக்குமூலங்கள் விடுபட்டுப் போகும்.

எந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார் என்பதே கோப்பின் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கிறது. 1862 ஜூலை 14 சட்டப்படி, படைச் சேவையால் ஏற்பட்ட ஊனம் என்று நிரூபிக்க வேண்டும். முழு ஊனமுற்ற சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். அதனால் இந்தக் கோப்புகளில் கூடாரத் தோழர்களின் சாட்சியம் நிறைய இருக்கும்: எந்த ஆற்றைக் கடந்தபோது நனைந்தார், எந்த இரவில் இருமல் தொடங்கியது என்றெல்லாம் சொல்வார்கள். 1890 ஜூன் 27 சட்டம் தொண்ணூறு நாள் சேவையும் நல்ல முறையில் விடுவிப்பும் இருந்தால், ஊனம் போரால் வந்ததாக இல்லாவிட்டாலும் ஓய்வூதியம் கொடுத்தது. அந்தக் கோப்புகளில் போர் குறைவு, முதுமை அதிகம்.

மருத்துவப் பரிசோதனைத் தாள்களை நிதானமாகப் படியுங்கள். அவற்றில் பலவற்றில் மனித உடலின் கோட்டு உருவம் முன்னும் பின்னுமாக அச்சிடப்பட்டிருக்கும். குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் மருத்துவர் பேனாவால் குறித்திருப்பார். பல ஆண்டுத் தாள்களை வரிசையாக வைத்தால், ஒரு தோள் மெல்ல மெல்ல முடங்கிப்போவதைக் காணலாம்.

குடும்பத்தை அறிய 1898, 1915 ஆண்டுகளில் ஓய்வூதிய அலுவலகம் அனுப்பிய கேள்வித்தாள்களைத் தேடுங்கள். மனைவியின் பெயர், திருமணம் நடந்த இடமும் நாளும், முந்தைய திருமணம், பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள் என எல்லாம் சிப்பாயின் கையெழுத்திலேயே இருக்கக்கூடும்.

சிப்பாய் இறந்திருந்தால் விதவை, சிறு பிள்ளைகள், அவரை நம்பி வாழ்ந்த தாய் ஆகியோர் விண்ணப்பித்திருப்பார்கள். தாயின் கோப்பை அலட்சியப்படுத்தாதீர்கள். மகன் தம்மைக் காப்பாற்றினான் என்று நிரூபிக்க, அவன் முகாமிலிருந்து பணத்தோடு அனுப்பிய கடிதத்தையே அந்தத் தாய் அரசுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கடிதங்கள் பல இன்னும் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. அவர் கைக்குத் திரும்பவே இல்லை.

ஐயம் வந்தபோது அரசு சிறப்பு விசாரணையாளரை ஊருக்கே அனுப்பியது. அந்த வாக்குமூலங்களுக்கு ஈடான ஆவணம் வேறில்லை. 95ஆவது இல்லினாய் ரெஜிமெண்டின் சிப்பாய் ஆல்பர்ட் கேஷியர், அயர்லாந்தில் ஜென்னி ஹோட்ஜர்ஸ் என்ற பெயரில் பெண்ணாகப் பிறந்தவர் என்பது முதுமையில் தெரியவந்தபோது, ஓய்வூதியம் பெறுபவரும் படையில் இருந்தவரும் ஒருவர்தானா என்ற விசாரணை நடந்தது. பழைய தோழர்கள் வந்து, எங்களோடு இருந்தவர் இவர்தான் என்று சொன்னார்கள். ஓய்வூதியம் நிற்கவில்லை. 1915இல் அவர் இறக்கும்வரை தொடர்ந்தது.

தெற்குப் படையினருக்குக் கூட்டரசு ஓய்வூதியம் கொடுக்கவில்லை. தென் மாநிலங்கள் தனித்தனியே கொடுத்தன. இங்கே எல்லோரும் தவறுவது ஒன்று உண்டு: அவர் எந்த மாநிலத்தின் ரெஜிமெண்டில் இருந்தார் என்பதைப் பார்த்து அந்த மாநிலத்தில் தேடுகிறார்கள். அவர் விண்ணப்பித்தது முதுமையில் குடியிருந்த மாநிலத்தில். அலபாமாவில் சேர்ந்து டெக்சாசில் குடியேறியவரின் கோப்பு டெக்சாஸ் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கும்.

7. கறுப்பினச் சிப்பாய் என்றால் கூடுதலாகச் செய்ய வேண்டியவை

சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குத் தரைப்படையில் பணியாற்றினர். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதால் வழக்கமான தேடல் முறை பாதியில் நின்றுவிடும். 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அடிமைப்பட்டவர்களின் வயதும் பாலும் நிறமும் மட்டும் இருக்கும், பெயர் இராது. அவர்களில் பெரும்பாலோர் பெயரோடு வரும் முதல் கணக்கெடுப்பு 1870இல்தான்.

ஆகவே பின்னிருந்து முன்னே போக வேண்டும். 1870 கணக்கெடுப்பு, பிறகு 1865 முதல் 1874 வரை இயங்கிய அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர்களுக்கான சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவுகள், பிறகு ஓய்வூதியக் கோப்பு, கடைசியாகச் சேவை உறை என்று செல்லுங்கள். அடிமைமுறை இருந்தும் வடக்கோடு நின்ற எல்லை மாநிலங்களைச் சேர்ந்தவர் என்றால், தம் அடிமை படையில் சேர்ந்ததற்கு இழப்பீடு கேட்டு உரிமையாளர் கொடுத்த விண்ணப்பமும் அந்த உறைக்குள் இருக்கலாம். சிப்பாயின் முந்தைய வாழ்க்கைக்குச் சான்று, அவரைச் சொத்தாக எண்ணியவர் பணம் கேட்டு எழுதிய தாளாகவே இருப்பதுண்டு. அதைப் பயன்படுத்துங்கள், அது என்ன ஆவணம் என்பதையும் வாசகருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஓய்வூதியக் கோப்பில் பெயர் மாற்றத்தை எதிர்பாருங்கள். உரிமையாளரின் குடும்பப் பெயரில் படையில் சேர்ந்தவர் பின்னர் தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டிருப்பார். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்காததால் விதவையிடம் சான்றிதழ் இராது. தோட்டத்தில் உடன் வாழ்ந்தவர்கள் வந்து அந்தத் திருமணத்தைப் பற்றிச் சொன்ன சாட்சியங்கள் இருக்கும். வேறெங்கும் எழுதப்படாத குடும்ப வரலாறுகள் இங்கே கிடைக்கின்றன.

சம்பளத்தை எழுதும்போது கவனம். வெள்ளையினச் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் 3 டாலர் உடைக்காகப் பிடித்தம். 1864 ஜூனில் வந்த சட்டம்தான் இதைச் சமமாக்கியது.

8. ரெஜிமெண்டின் பாதையோடு பொருத்துதல்

இப்போதுதான் போர்க்களத்துக்குப் போகலாம். 1881 முதல் 1901 வரை அரசு 128 நூல்களாக அச்சிட்ட போர் ஆவணத் தொகுப்பில் அலுவலர்களின் அறிக்கைகளும் கடிதங்களும் உள்ளன. சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் அரிதாகவே வரும். ரெஜிமெண்ட், பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த பிரிகேடு ஆகியவற்றின் பெயர்களைக் கொண்டு தேடுங்கள். ஆனால் ரெஜிமெண்டின் பாதையும் போதாது. பாலம் காக்கவும் கைதிகளை அழைத்துச் செல்லவும் தனிக் கம்பெனிகள் பிரித்து அனுப்பப்பட்டன. வருகைப் பட்டியலில் கம்பெனியின் இரண்டு மாத நடமாட்டம் குறிக்கப்பட்ட நிகழ்வுப் பதிவுகள் தனியே மைக்ரோஃபில்மில் உள்ளன, அவற்றைப் பாருங்கள்.

அட்டவணையில் மூன்று வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள்: ரெஜிமெண்ட் எங்கே, கம்பெனி எங்கே, சிப்பாயின் அட்டை என்ன சொல்கிறது. மூன்றும் ஒத்துவரும் நாளில் “அவர் அங்கே இருந்தார்” என்று எழுதலாம். முதல் இரண்டு மட்டும் ஒத்துவந்தால் “அவருடைய கம்பெனி அங்கே இருந்தது” என்று எழுதுங்கள். இந்தச் சிறு வேறுபாட்டைக் காப்பதில்தான் கட்டுரையின் நேர்மை இருக்கிறது.

9. கணக்கெடுப்புகள்

1850, 1860, 1870, 1880 ஆண்டுகளில் தொழிலையும் குடும்பத்தையும் பார்த்துவிடுங்கள். 1890 பொதுக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 தீவிபத்தால் அழிந்தது. ஆனால் வடக்குப் படையினர், அவர்தம் விதவைகள் பற்றிய தனிப் பட்டியல் கென்டக்கியில் பாதிக்கும், அகர வரிசையில் அதன் பின்வரும் மாநிலங்களுக்கும் எஞ்சியிருக்கிறது. தெற்குப் படையினரையும் சில இடங்களில் தவறுதலாக எழுதிப் பிறகு கோடிட்டு அடித்திருக்கிறார்கள். அடித்த பெயர்களையும் படிக்க முடியும். 1910 கணக்கெடுப்பில் எந்தப் படை என்பதற்குத் தனிப் பத்தியே உண்டு.

10. செய்தித்தாள், கடிதம், புகைப்படம்

ஊர்ச் செய்தித்தாள்கள் சிப்பாய்களின் கடிதங்களையும், காயம்பட்டோர் பட்டியலையும் வெளியிட்டன. போர் நடந்த ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரையிலான இதழ்களைப் பாருங்கள். முதலில் வரும் பட்டியலில் பிழைகள் மிகுதி. இறந்தார் என்று அச்சானவர் நலமாகத் திரும்பியதுண்டு. அடுத்தடுத்த இதழ்களில் திருத்தம் வந்ததா என்று பார்க்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஹியூமிஸ்டன் யார் என்பதே ஒரு செய்தித்தாளால்தான் தெரியவந்தது. கெட்டிஸ்பர்க் நகரில் இறந்துகிடந்த அவருடைய கையில் மூன்று குழந்தைகளின் கண்ணாடிப் புகைப்படம் ஒன்று இருந்தது. பெயரைக் காட்டும் தாள் எதுவும் இல்லை. அந்தப் படம் ஜான் பிரான்சிஸ் போர்ன்ஸ் என்ற மருத்துவரிடம் சேர்ந்தது. அன்றைய செய்தித்தாள்களால் புகைப்படத்தை அச்சிட முடியாது. ஆகவே 1863 அக்டோபர் 19 அன்று பிலடெல்பியா இன்குவைரர் படத்தைச் சொற்களால் விவரித்தது: இரண்டு பையன்கள், ஒரு பெண் குழந்தை, நடுவே இருப்பது இளைய பையன், மூத்த பையனின் சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணியில் தைத்தவை. அந்த விவரம் சமய இதழ் ஒன்றிலும் வந்து, அதன் ஒரு படி போர்ட்வில்லில் பிலிண்டா ஹியூமிஸ்டனிடம் சேர்ந்தது. குழந்தைகளின் படத்தைக் கணவருக்கு அனுப்பியவர் அவர்தான்.

இதிலிருந்து தேடுவோர் கொள்ள வேண்டிய செயல்முறை: புகைப்படம் கிடைத்தால் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். துணி, பொத்தான், தொப்பியில் உள்ள எண், பின்புறத்தில் புகைப்படக் கடையின் முத்திரை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிவையுங்கள். 1864 ஆகஸ்ட் முதல் 1866 ஆகஸ்ட் வரை புகைப்படங்களுக்கு வரி முத்திரை ஒட்டப்பட்டது. அது பின்புறத்தில் இருந்தால் படத்தின் காலம் உறுதியாகிறது.

கடிதத்தைப் படியெடுக்கும்போது எழுத்துப்பிழையைத் திருத்தாமல் முதலில் அப்படியே எடுத்து, பிறகே தமிழாக்குங்கள். திருத்திய படியிலிருந்து மொழிபெயர்த்தால், எழுதியவரின் படிப்பறிவு என்ன என்ற தகவல் காணாமல் போய்விடும்.

11. கல்லறை

வடக்குப் படையினருக்கு அரசு கொடுத்த கல்லில் உள்ளே குழிந்த கேடய வடிவமும், அதற்குள் பெயர், கம்பெனி, ரெஜிமெண்ட் எழுத்துகளும் இருக்கும். தனியார் இடுகாடுகளில் புதைக்கப்பட்டவர்களுக்கும் கல் கொடுக்க 1879 சட்டம் வழிசெய்தது. கல்லில் உள்ள ரெஜிமெண்ட் எண்ணையும் சேவை உறையோடு ஒப்பிடுங்கள். செதுக்கியவர்களும் பிழை செய்தார்கள். கெட்டிஸ்பர்க் தேசிய இடுகாட்டில் பெயர் தெரியாதோர் பிரிவுகளில் எண் மட்டும் பொறித்த சிறு கற்கள் வரிசையாக உள்ளன. ஹியூமிஸ்டனுக்கு நியூயார்க் பிரிவில் பெயரோடு கல் இருக்கிறது.

12. எழுதும்போது

கால வரிசையில் எழுதுங்கள். பெருநிகழ்ச்சியில் தொடங்கிப் பின்னோக்கிப் போகும் உத்தி, இடைவெளிகளை மறைக்கத்தான் உதவும். பதிவு இல்லாத மாதங்கள் வந்தால், “1864 மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு அட்டை இல்லை” என்று நேராகச் சொல்லிவிட்டு அடுத்த மாதத்துக்குச் செல்லுங்கள். “அவர் நெஞ்சு பதறியிருக்கும்” போன்ற வரிகளைக் கடிதமோ வாக்குமூலமோ தாங்காவிட்டால் நீக்கிவிடுங்கள். நாவல் எழுதுவோர் கற்பனையைச் சேர்க்கலாம். ஆனால் அட்டவணையில் “ஆவணம் சொல்வது” என்ற மூன்றாம் பத்தியோடு மோதாதபடி சேர்க்க வேண்டும்.

டாலரை இன்றைய ரூபாயாக மாற்றாதீர்கள். அது எதையும் விளக்காது. 13 டாலர் சம்பளம் பல மாதம் தாமதமாக வந்தது, அதில் எவ்வளவை வீட்டுக்கு அனுப்பினார், இறந்தபின் விதவைக்கு மாதம் 8 டாலர் கிடைத்தது, 1866 முதல் பதினாறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதலாக 2 டாலர் சேர்ந்தது என்று எழுதினால் அந்தக் குடும்பத்தின் நிலை வாசகருக்குப் புரியும்.

கடைசியாக, ஒவ்வொரு ஆவணத்தின் விண்ணப்ப எண், சான்றிதழ் எண், மைக்ரோஃபில்ம் எண் ஆகியவற்றை ஸ்கேன் கோப்பின் பெயரிலேயே சேர்த்துச் சேமியுங்கள். உங்களுக்குப் பின் அதே கம்பெனியின் இன்னொரு சிப்பாயைத் தேடி வருபவர் அந்த எண்ணைக் கொண்டு நேராக ஆவணத்துக்கே போக முடியும்.